எள்ளளவு மயக்கம்

ஓர் எள்ளின் எடை ஏறத்தாழ மூன்று மில்லிகிராம். அதே எடையுள்ள எட்டோர்ஃபின் என்ற மருந்து, இரண்டாயிரம் கிலோ எடையுள்ள வெள்ளைக் காண்டாமிருகத்தைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடும். தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே நாடுகளின் பண்ணைக் காடுகளில் அதன் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் இட்ட எண்ணே அங்கே பெயராகி நிலைத்துவிட்டது: எம்99.

ஆப்பிரிக்கக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் கடந்த அறுபது ஆண்டு வரலாற்றில் வனக்காவலர்கள் வருவார்கள், விமானிகள் வருவார்கள், வேட்டைக்காரர்கள் வருவார்கள். இந்த மருந்தின் பாதையில் நடந்து பார்த்தால் அந்த வரலாற்றின் அடியில் ஓடும் இன்னொரு சரடு கைக்குச் சிக்கும். காட்டு விலங்கைக் கொல்லாமல் தொட முடிந்த பிறகுதான் அதை லாரியில் ஏற்றவும், ஏலத்தில் விற்கவும், ஊர் விட்டு ஊர் குடியேற்றவும், கடைசியில் அதன் கொம்பையே அறுத்து அதைக் காப்பாற்றவும் முடிந்தது. நல்லது கெட்டது இரண்டுமே அந்தத் தொடுதலிலிருந்து கிளைத்தவை.

அதன் பிறப்பு ஆப்பிரிக்காவில் நிகழவில்லை. மூதாதை நம் சமையலறைக்குத் தெரிந்த செடிதான்: கசகசாச் செடி. அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினியாகிறது. அதில் மார்ஃபின் உண்டு, கோடீன் உண்டு. கூடவே திபெயின் என்ற ஒன்றும் உண்டு. திபெயின் வலியைத் தணிக்காது, உறக்கமும் தராது. அளவு மிஞ்சினால் வலிப்பைத்தான் உண்டாக்கும். மருத்துவத்தில் நேரடிப் பயனில்லாததால் நெடுங்காலம் அது ஒரு கழிவுப்பொருளாகவே கிடந்தது. அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குச் சட்டப்படி அபினியைப் பெருமளவு அனுப்பிய நாடு இந்தியா. மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரிலும் அரசின் அபினி ஆலைகள் இன்றும் இயங்குகின்றன.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மக்ஃபார்லன் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அபினியைக் காய்ச்சிப் பிரித்துவந்தது. 1960-களின் தொடக்கத்தில் கென்னத் பென்ட்லி என்ற வேதியியலாளரின் குழு அங்கே திபெயினைக் கையிலெடுத்தது. அடிமையாக்காத வலிநிவாரணி ஒன்றை உருவாக்குவது அவர்கள் நோக்கம். மார்ஃபினின் மூலக்கூறைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தவர்கள் அதுவரை அதில் வெற்றி பெறவில்லை. பென்ட்லி எதிர்த்திசையில் போனார். மூலக்கூறை இன்னும் சிக்கலாக்கினால், உடலில் வலியைத் தணிக்கும் வாசலை மட்டும் அது திறக்கும், அடிமைத்தனத்தின் வாசலுக்குள் நுழையாது என்பது அவர் கணிப்பு.

கணிப்பு பொய்த்தது. பிறந்ததோ மார்ஃபினைவிட ஆயிரம் முதல் மூவாயிரம் மடங்கு வீரியமுள்ள ஒரு பொருள். ஆய்வுக்கூடத்தில் கிடந்த ஒரு கண்ணாடிக் குச்சியால் காலைத் தேநீரைக் கலக்கிக் குடித்தவர்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள் என்ற கதை வேதியியலாளர்களிடையே இன்றும் உலவுகிறது. மனிதருக்குக் கொடுக்க முடியாத மருந்து என்று முடிவானது. அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த பியூப்ரெனார்ஃபின்தான் மனிதருக்கான வலிநிவாரணியாகவும் போதைமீட்பு மருந்தாகவும் உலகெங்கும் போனது. மூத்ததான எம்99-ஐ ரெக்கிட் நிறுவனம் கால்நடை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. நம் வீடுகளுக்கு டெட்டாலும் ராபின் நீலமும் தந்த அதே ரெக்கிட்தான்.

அந்தச் சமயத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் ஒரு சிக்கல் முற்றிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்ற இனமே உம்ஃபொலோசி ஆற்றுப் பகுதியில் எஞ்சிய சில பத்து விலங்குகளாகச் சுருங்கியிருந்தது. 1895-இல் அந்தப் பகுதியைக் காப்பிடமாக அறிவித்தார்கள். அரை நூற்றாண்டில் அவை பெருகின. 1950-களில் விமானத்திலிருந்து எண்ணியபோது நானூறைத் தாண்டியிருந்தன. மகிழ்ச்சியோடு அச்சமும் வந்தது. ஓர் இனம் முழுவதும் ஒரே காட்டில் இருந்தால் ஒரு கொள்ளைநோய் போதும், கணக்கு முடிந்துவிடும். மேய்ச்சலும் பற்றாமல் போய்க்கொண்டிருந்தது. பிற இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். எப்படிக் கொண்டுபோவது?

ஈட்டி மாதிரி பறந்துபோய்க் குத்தும் ஊசி அதற்குள் வந்திருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மானுக்காகவும், நியூசிலாந்தில் கோலின் மர்டாக் என்பவரின் முயற்சியிலும் 1950-களில் இத்தகைய துப்பாக்கிகள் உருவாயின. துப்பாக்கி தயார், உள்ளே நிரப்பத் தகுந்த மருந்துதான் இல்லை. முதலில் முயன்ற கல்லமின் தசைகளை முடக்கும் மருந்து. நினைவு மாறாமலிருக்க உடம்பு மட்டும் விழும், அளவு சற்றுக் கூடினால் மூச்சுத் தசையும் நின்றுவிடும். பிறகு மார்ஃபினோடு வேறு மருந்துகளைக் கலந்து பார்த்தார்கள். ஊசி பட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடியது, குதிரையில் துரத்தினார்கள். ஓடி ஓடித் தசை சிதைந்தும் உடல் கொதித்தும் செத்தவை உண்டு.

எம்99-இன் வீரியம் ஏன் அவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பறக்கும் ஊசியில் ஒன்று முதல் மூன்று மில்லிலிட்டர் மருந்துதான் அடங்கும். கூடினால் ஊசி கனத்து, குறி தவறும், பட்ட இடத்தில் எலும்பையும் உடைக்கும். காண்டாமிருகத்துக்கு மூன்றரை மில்லிகிராம் எம்99 தேவை என்று கொள்வோம். வீரியம் ஆயிரம் மடங்கு என்றே வைத்தாலும் அதற்கு ஈடான மார்ஃபின் மூன்றரை கிராம். மருத்துவமனையில் கிடைக்கும், மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் செறிவுள்ள ஊசிமருந்தில் அது 350 மில்லிலிட்டர். எம்99-இல் அரை மில்லிலிட்டருக்கும் குறைவு. மனிதருக்கு ஆபத்து என்று ஒதுக்கிய அந்தக் கடுமைதான் காண்டாமிருகத்துக்கு உயிர்ப்பிச்சையானது.

உம்ஃபொலோசியின் காப்பாளர் இயன் பிளேயர், அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த சூலு வனக்காவலர் மக்குபு ந்டொம்பெலா, கென்யாவிலிருந்து வந்து சேர்ந்த கால்நடை மருத்துவர் டோனி ஹார்த்தூர்ன் ஆகியோர் நடத்திய அந்த முயற்சிக்குக் காண்டாமிருக நடவடிக்கை என்று பெயர். 1960-களின் முற்பகுதியில் எம்99 அவர்கள் கைக்கு வந்தது. மணிக்கணக்கில் நீண்ட துரத்தல் நிமிடங்களாகச் சுருங்கியது. இதற்கு மாற்று மருந்தும் இருந்தது. அதை நரம்பில் ஏற்றினால் படுத்திருந்த விலங்கு எழுந்து நடந்துவிடும்.

உம்ஃபொலோசியிலிருந்து காண்டாமிருகங்கள் மரப்பெட்டிகளில் ஏறிப் புறப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவை அற்றுப்போயிருந்த குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போயின. உலகின் விலங்குக்காட்சிச் சாலைகளுக்குக் கடல் கடந்தன. தனியார் பண்ணைகளுக்கும் போயின. இந்தக் கடைசி வழிதான் எதிர்பாராத அளவுக்கு விரிந்தது.

தெற்கு ஆப்பிரிக்காவின் உள்நாடு வறண்ட மேய்ச்சல் நிலம். ஒரு மாடு மேய ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். மழை பொய்த்தால் மாடும் கடனும் சேர்ந்து அழுத்தும். 1960-களிலும் 70-களிலும் நமீபியாவும் ஜிம்பாப்வேயும் கொண்டுவந்த சட்டங்கள் நில உரிமையாளருக்குத் தம் நிலத்து விலங்குகள்மேல் உரிமை தந்தன. தென்னாப்பிரிக்கா 1991-இல் சட்டம் இயற்றி, வேலியிட்ட பண்ணையின் விலங்கை அந்தப் பண்ணையாரின் உடைமையாக ஏற்றது. அதுவரை மாட்டின் புல்லைத் தின்னும் பகையாகத் தெரிந்த குடு மானும் வரிக்குதிரையும் திடீரென்று சொத்தாயின. சுற்றுலா, வேட்டை உரிமம், இறைச்சி, உயிருள்ள விலங்கின் விற்பனை என்று வருமானம் பல வழியில் வந்தது. உயிருள்ள விலங்கை விற்க வேண்டுமென்றால் அதைப் பிடிக்க வேண்டும்; பெரிய விலங்கைப் பிடிக்க எம்99 வேண்டும். ஒரு குப்பி மருந்து ஒரு பொருளாதாரத்தின் அச்சாணியானது இப்படித்தான்.

ஜிம்பாப்வேயின் தென்கிழக்குத் தாழ்நிலத்தில் சாவே பள்ளத்தாக்கு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990-களின் தொடக்கத்தில் அடித்த கடும் வறட்சியில் அங்கே மாட்டுப் பண்ணைகள் நொடித்தன. பக்கத்துப் பக்கத்துப் பண்ணையார்கள் தங்களுக்கிடையிலான வேலிகளைப் பிடுங்கிவிட்டு, மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒரே காப்பிடமாக்கிச் சுற்றிலும் மின்வேலி இட்டார்கள். காலியான அந்த நிலத்துக்கு யானை வேண்டும். கொனரேஷோ தேசியப் பூங்காவில் தண்ணீரின்றிச் சாகக் கிடந்த யானைகளை, குட்டிகளோடு தாய்களையும் சேர்த்துக் குடும்பம் குடும்பமாக 1993-இல் கொண்டுவந்தார் காட்டு விலங்குகளைப் பிடிப்பதில் தேர்ந்த கிளெம் குட்ஸி. முழுவளர்ச்சி அடைந்த யானைகளை அந்த எண்ணிக்கையில் அதற்குமுன் யாரும் இடம்பெயர்த்ததில்லை.

யானைக்கு அளவு பன்னிரண்டு, பதினைந்து மில்லிகிராம். விழும்போது அது நெஞ்சை ஊன்றிப் படுத்துவிட்டால் குடலின் பாரம் நுரையீரலை நெரிக்கும். அடுத்த சில நிமிடங்களுக்குள் கயிறு கட்டியோ தோள் கொடுத்தோ பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். தும்பிக்கையின் நுனி மடங்கி மூச்சு அடைபடாமல் ஒரு சிறு குச்சியைக் குறுக்கே வைப்பார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு வேறு கணக்கு. மயக்கம் அதன் நெடுங்கழுத்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால் வேண்டுமென்றே அளவைக் கூட்டிக் கொடுத்துச் சீக்கிரம் தள்ளாடவைத்து, காலில் கயிறு போட்டு வீழ்த்துகிறார்கள்; விழுந்த உடனே மாற்று மருந்து ஏற்றிவிடுகிறார்கள். அதன்பின் அது முழு நினைவோடு கிடக்கிறது. தலையிலும் கழுத்திலும் ஆட்கள் அமர்ந்து அழுத்திக்கொண்டிருக்க, கண் கட்டிய நிலையில் ஜிபிஎஸ் கருவி பொருத்துகிறார்கள். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் எம்99 ஆகாது. பூனைக் குடும்பத்துக்கு அது வெறியூட்டும். அவற்றுக்கு வேறு மருந்துகள்.

காண்டாமிருக வேலை குளிர்காலத்து விடியலில் நடக்கும். வெயில் ஏறினால் விலங்கின் உடற்சூடும் ஏறும். மருத்துவர் கையுறையோடு மருந்தை நிரப்புகிறார். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும், ஊசி முனை தோலைக் கீறினாலும் மனித உயிருக்கு ஆபத்து. தங்களுக்கே தவறுதலாகக் குத்திக்கொண்டு மாண்ட கால்நடை மருத்துவர்கள் உண்டு. தனியாக யாரும் இதைத் தொடக் கூடாது என்பது எழுதாத சட்டம். தமக்கு ஏதாவது நேர்ந்தால் குத்த வேண்டிய நலாக்சோன் ஊசி எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டிவிட்டுத்தான் மருத்துவர் குப்பியைத் திறக்கிறார்.

ஹெலிகாப்டர் தாழப் பறக்கிறது. ஊசி பின்புறத் தசையில் இறங்குகிறது. முனையருகே பக்கத் துளையை மூடியிருந்த சிலிக்கோன் உறை தோலில் பட்டு நழுவ, பின்னறையில் அடைத்த காற்று மருந்தை உள்ளே தள்ளுகிறது. ஓரிரு நிமிடத்தில் நடை மாறும். முன்னங்கால்களை உயர உயரத் தூக்கி வைத்து, முகத்தை நிமிர்த்தி, அணிவகுப்புக் குதிரைபோல் நடக்கும். பள்ளத்தை நோக்கியோ தண்ணீரை நோக்கியோ போகாமல் ஹெலிகாப்டர் மறித்துத் திருப்பும். பின் ஏதாவது ஒரு புதரில் முட்டி நிற்கும், கால் மடங்கும்.

அங்கிருந்து வேலை கைகளுடையது. பிக்கப் வண்டியிலிருந்து குதிப்பவர்கள் கண்ணைக் கட்டுகிறார்கள், காதில் துணி அடைக்கிறார்கள். ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டே இருக்கிறார், ஏனென்றால் வெள்ளைக் காண்டாமிருகத்தின் மூச்சை எம்99 மிகவும் தாழ்த்திவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நடுங்கும். மூக்கில் குழாய்வழி ஆக்சிஜன் கொடுத்து, காது நரம்பில் பியூட்டோர்ஃபனால் என்ற மருந்தை ஏற்றி அதைச் சரிக்கட்டுகிறார்கள். இன்னொருவர் வெப்பமானி பார்க்கிறார். சூடு ஏறினால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். காது ஓரத்தில் வெட்டும் பள்ளங்கள் எண்ணாகின்றன, தொலைநோக்கியில் பார்த்தே ஆளை அறியலாம். எடுத்த இரத்தமும் முடியும் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மரபணுப் பதிவேட்டுக்குப் போகின்றன. எங்கோ பிடிபடும் கொம்பு எந்த விலங்கினுடையது என்று நீதிமன்றத்தில் சொல்ல அந்தப் பதிவேடு உதவும். கொம்பை அறுப்பதாக இருந்தால் வளரும் அடிப்பகுதிக்கு மேலே கோடு போட்டுச் சங்கிலி வாளால் அறுக்கிறார்கள். நகம்போன்ற கெரட்டின்தான் அது, வலிக்காது.

பெட்டியில் ஏற்ற வேண்டுமென்றால் பாதி மயக்கத்தைத் தெளிவித்து, தலையில் கயிறு கட்டி, பத்துப் பேர் இழுக்க அதைத் தானாகவே நடந்து ஏறச் செய்கிறார்கள். வாகனம் போகாத மலைநாட்டில் நான்கு கால்களையும் கட்டி ஹெலிகாப்டரில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்குகிறார்கள். அது உயிருக்குக் கேடா என்று நமீபியாவில் 12 கறுப்புக் காண்டாமிருகங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பக்கவாட்டில் படுக்கவைப்பதைவிடத் தலைகீழ் நிலையில் மூச்சு சற்று மேலாகவே இருந்தது. 2021-இல் அந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை முடிந்ததும் நால்ட்ரெக்சோன் என்ற மாற்று மருந்து ஏறுகிறது. முன்பு இருந்த மாற்று மருந்து சில மணி நேரத்தில் வலுவிழந்தபோது எம்99 மீண்டும் தலைதூக்கி, விலங்கு தனியே எங்கோ இரண்டாம் முறை மயங்கியது. நால்ட்ரெக்சோன் நீண்ட நேரம் நின்று அதைத் தடுக்கிறது. ஆட்கள் வண்டிக்குத் திரும்புகிறார்கள். ஓரிரு நிமிடத்தில் காண்டாமிருகம் எழுந்து நிற்கிறது.

எள்ளளவு மருந்துக்கு நோக்கம் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர்கள் நோக்கம்தான் அதற்கும். கொம்பின் விலை ஏறியபோது கொள்ளையரும் இதே வழியைக் கண்டுகொண்டார்கள். துப்பாக்கி வெடித்தால் சத்தம் ஊரைக் கூட்டும், மயக்க ஊசிக்குச் சத்தமில்லை. 2010-இல் தென்னாப்பிரிக்காவில் காண்டாமிருகக் கொள்ளை வழக்கில் கைதானவர்களுள் கால்நடை மருத்துவர்களும் இருந்தது அந்தத் தொழிலையே உலுக்கியது. 2012 மார்ச்சில் கிழக்குக் கேப் மாகாணத்தின் கரியேகா காப்பிடத்தில் மூன்று காண்டாமிருகங்களை உயிரோடு வைத்தே முகத்தோடு சேர்த்துக் கொம்பை வெட்டிக்கொண்டுபோனார்கள். அவற்றில் தாண்டி என்ற பெண் மட்டும் பிழைத்தது. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2015 ஜனவரியில் கன்றும் ஈன்றது. அதன் முகத்தைச் செப்பனிட ஒவ்வொரு முறையும் அதற்கு மயக்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

2014-இல் தென்னாப்பிரிக்காவில் மட்டும் 1,215 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. அதற்குப் பதிலடியாக, கொள்ளையர் தேடி வரும் பொருளையே முன்கூட்டி அறுத்துவைக்கும் முறை பரவியது. 1989-இல் நமீபியா தொடங்கிவைத்த முறை அது. குரூகரைச் சுற்றியுள்ள 11 காப்பிடங்களில் 2017 முதல் 2023 வரை நடந்ததை ஆராய்ந்தவர்கள், கொம்பறுத்த இடங்களில் கொள்ளை 78 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். பாதுகாப்புக்குச் செலவான தொகையில் அதற்கு ஆனது 1.2 விழுக்காடுதான். ஆயுதங்களுக்கும் மோப்ப நாய்களுக்கும் கேமராக்களுக்கும் கொட்டிய பணத்தோடு பார்த்தால் இது வியப்பான கணக்கு.

தனியாரிடம் கொடுத்ததன் பலனும் சுமையும் இன்று ஒருங்கே தெரிகின்றன. தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கு மேல் தனியார் நிலத்தில் வாழ்கின்றன. அரசுப் பூங்காக்களில் கொள்ளை அதிகமானபோது இனத்தைத் தாங்கிப் பிடித்தவை அந்தப் பண்ணைகள். ஆனால் காவலுக்கு ஆகும் செலவைக் கொம்பு விற்று ஈடுகட்ட உலகச் சந்தையில் தடை இருக்கிறது. வடமேற்கு மாகாணத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் காண்டாமிருகங்களை வளர்த்த உலகின் மிகப் பெரிய பண்ணை பணமின்றி ஏலத்துக்கு வந்தது, ஏலம் கேட்க ஆளில்லை. 2023-இல் ஆஃப்ரிக்கன் பார்க்ஸ் என்ற தொண்டு அமைப்பு அதை வாங்கி, பத்தாண்டுகளுக்குள் எல்லாவற்றையும் காடுகளில் விடுவதாக அறிவித்தது. 2025-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 70 வெள்ளைக் காண்டாமிருகங்கள் போயிங் 747 விமானத்தில் ருவாண்டாவின் அககேரா பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. உம்ஃபொலோசியில் எஞ்சிய அந்தச் சில பத்துகளின் வழித்தோன்றல்கள் இன்று ஆப்பிரிக்காவில் சுமார் பதினாறாயிரம்.

அறுத்த கொம்பு மீண்டும் வளர்கிறது. ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் மறுபடி அறுக்க வேண்டும். மறுபடி ஹெலிகாப்டர், மறுபடி ஊசி. முதலில் ஒரு விலங்குக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை, இடம் மாற்றுவதற்காக மட்டும் கொடுத்த மருந்து இன்று அதன் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஏறும் மருந்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆபத்து சிறிதளவாவது உண்டு, ஒவ்வொரு முறையும் செலவு உண்டு. ஆசியச் சந்தைகளில் கொம்பை வாங்குபவர் இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது. குப்பியை எண்ணி வாங்கி, பத்தில் ஒரு மில்லிலிட்டர் வரை பதிவேட்டில் எழுதி, மிச்சத்தைப் பூட்டி வைக்கும் மருத்துவருக்கு அது நன்றாகவே தெரியும். எம்99 அவருக்குத் தருவது அரை மணி நேரம். கொம்பின் விலையை இறக்கும் வேலை அந்த அரை மணிக்குள் அடங்காது. அது வாங்குபவரின் ஊரில் நடக்க வேண்டியது.